ஆணியில் தொங்கிய போன்

குளிர்பதனக் கிடங்கில் அவரை எல்லோரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட மனிதர் அவர். இருபத்திரண்டு வருடமாக மணிக்கொரு தரம் ஆறு அறைகளின் வெப்பநிலையையும் பார்த்து நோட்டில் எழுதி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆப்பிள் அறைக்கு ஒரு டிகிரி, உருளைக்கிழங்கு அறைக்கு நான்கு, வெண்ணெய் அறைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. மற்ற ஷிப்டுக்காரர்கள் நாலு மணி நேரத்துக்கு உரியதை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. “பாக்காம எழுதினா அது டிகிரி இல்லப்பா, கதை” என்பார்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு மூன்று வருடம் ஆகப் போகிறது. வாரத்துக்கு மூன்று நாள், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன மருத்துவ நிலையத்தில் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. பதிந்த அன்றே அங்கிருந்த அம்மாள் விதியைச் சொல்லிவிட்டாள். பொருந்துகிற உறுப்பு கிடைத்தால் போன் வரும். முதல் அழைப்பிலிருந்து முப்பது நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

“அரை மணி நேரம் தாராளம்மா” என்று அன்றைக்குச் சொன்னார் டிகிரி. “என் போனை ரெண்டாவது மணியிலயே எடுத்துடுவேன்.”

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. அப்போது அவரிடம் இருந்தது பொத்தான் போன். மூன்று தடவை கீழே விழுந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய போன். ஆப்பிள் அறைக் கதவுக்கு உள்ளே நின்றால்கூட அடிக்கும். ஆனால் சென்ற ஜனவரியில், பழைய சேவையை அடியோடு நிறுத்துகிறோம், போனை மாற்றிக்கொள்ளுங்கள் என்று போன் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு கணவன் மனைவி இருவருடைய பொத்தான் போன்களும் ஒன்றாகச் செத்தன. வெளியூரில் இருந்த மகள் புதிதாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி அனுப்பினாள். “அப்பா, இது நல்ல போன். பத்திரமா வச்சுக்கோங்க” என்று சீட்டில் எழுதியிருந்தாள்.

நல்ல போன்தான். கண்ணாடி போல மின்னியது. ஆனால் வீட்டுக்குள் அதில் ஒரு சிக்னல் கோடுகூடத் தெரியவில்லை. எதிரே எழும்பியிருந்த ஒன்பது மாடிக் கட்டடம் வழியை அடைத்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போனால் இரண்டு கோடு. அதற்கு நாற்பத்தோரு படி ஏற வேண்டும். மனைவியால் ஏழு படிக்கு மேல் முடியாது. கிடங்கிலோ சுவர்கள் ஒரு முழக் கனம், இரண்டு பக்கமும் தகடு. உள்ளே போனதும் கோடுகள் இருந்த இடத்தில் பெருக்கல் குறி வந்துவிடும்.

கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அணைத்துப் போட்டார், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார், எதையெதையோ திருகிப் பார்த்தார்.

“போன்ல ஒண்ணும் இல்ல பெரியவரே. புது சேவைல வேகம் ஜாஸ்தி. ஆனா கனமான சுவரைக் கண்டா உள்ள வராது.”

“பழையது வந்துச்சே?”

“அது பழையது.”

“எனக்கு வேகம் வேண்டாம் தம்பி. அடிச்சாப் போதும்.”

“வைஃபை இருந்தா அது வழியா பேசலாம். இருக்கா?”

இல்லை. கடைக்காரர் கையை விரித்தார்.

டிகிரி சோர்ந்து உட்காருகிற ஆள் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் போனைக் கையில் ஏந்திக்கொண்டு கிடங்கு வளாகம் முழுவதும் அடிமேல் அடி வைத்து நடந்தார். ஒரு கோடு வந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒன்று என்று எழுதினார், இரண்டு வந்த இடத்தில் இரண்டு. சுமை தூக்குபவர்கள் சிரித்தார்கள். “என்ன டிகிரி, பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போடறீங்களா?” ஆறு நாள் தேடியதில் மூன்று கோடு நிலையாக நின்ற இடம் ஒன்றே ஒன்று. லாரிகளை எடை போடும் தகரக் கூண்டின் வெளிச்சுவர், தரையிலிருந்து ஐந்தடி உயரம். அங்கே ஓர் ஆணி அடித்தார். துணிப்பையில் போனைப் போட்டுத் தொங்கவிட்டார்.

எடைக் கூண்டில் உட்கார்ந்திருந்தவன் வேற்றாள் இல்லை, அவர் மனைவியின் தம்பி. அக்காவுக்கு ஒன்பது வயது இளையவன். பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அக்கா கையால் சோறு தின்று வளர்ந்தவன். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘குடை’. ஒரு தூறல் விழுந்தால் போதும், உட்கார்ந்த இடத்தில் அவனால் உட்கார முடியாது. யார் வீட்டுக் கொடியில் துணி காய்ந்தாலும் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுவான். ஒருமுறை முன்பின் தெரியாத வீட்டுத் துணியை அள்ளி, திருடன் என்று பெயர் வாங்கி, அக்கா போய் மீட்டு வந்தாள்.

“நான் இருக்கேன் மாமா. நீங்க உள்ள போய் வேலையப் பாருங்க. மணி அடிச்சா எடுத்துப் பேசிட்டு உங்களுக்குக் குரல் கொடுக்கறேன்” என்றான் குடை.

இப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று. பகலில் போன் ஆணியில். வீடு திரும்பியதும் மொட்டை மாடிக் கதவுப் படியில் போன், அதன் பக்கத்தில் பாய் விரித்து டிகிரி. ஆஸ்பத்திரிப் படிவத்தில் இரண்டாவது எண்ணாக மனைவியின் செத்துப்போன எண்ணே இருந்தது. அதை அடித்துவிட்டுத் தம்பியின் எண்ணை எழுத வேண்டும். அதற்கு நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அடுத்த முறை போக வேண்டிய நாள் ஜூன் பதினான்கு. அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலையில் ஆப்பிள் லாரி வந்தது. முந்நூற்று நாற்பது பெட்டி. பதினொன்று ஐந்துக்கு டிகிரி உள்ளே போனார். அடுக்கி முடித்து, பன்னிரண்டு மணி வெப்பநிலையையும் பார்த்து எழுதிவிட்டு அவர் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. முற்றத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எடைக் கூண்டின் சுவர் நனைந்து கறுத்திருந்தது. ஆணியில் தொங்கிய பை மட்டும் காய்ந்திருந்தது.

குடை வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தான். “என்னா மழை மாமா! பதினொன்னு இருபதுக்குப் பிடிச்சது, பன்னெண்டு பத்துக்குத்தான் விட்டது. உங்க போன் மேல ஒரு சொட்டு படலை. முதல் தூறல்லயே எடுத்து, துணில சுத்தி, டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன்ல. விட்டதும் திரும்ப மாட்டிட்டேன்.”

டிராயர் இரும்பு மேசையினுடையது. மேசை இருந்தது தகரக் கூண்டுக்குள். குடை தன் போனில் பேச வேண்டுமென்றால்கூட முற்றத்துக்கு வந்துதான் பேசுவான். ஆனால் மழையைக் கண்டால் அவன் புத்தி அதற்கு மேல் ஓடாது.

டிகிரி பையிலிருந்து போனை எடுத்தார். கம்பெனிக்காரன் அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது. நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தபோது இந்த எண்ணிலிருந்து உங்களை அழைத்தார்கள்: 11.31, 11.38, 11.47. எண் ஆஸ்பத்திரியுடையது. அது அவருக்கு மனப்பாடம்.

“ஏதாச்சும் வந்திருக்கா மாமா?”

“கம்பெனி மெசேஜ்” என்றார். அது பொய்யில்லை.

போனை எடுத்துக்கொண்டு கிடங்கின் பின்புறம் போனார். அங்கே சுண்ணாம்பில் ஒன்று என்று எழுதியிருந்த இடத்தில் நின்று கூப்பிட்டார். குரல் விட்டு விட்டு வந்தது. பதிவுக்கார அம்மாள் கடுமையாகப் பேசவில்லை. அதுவே அவருக்குத் தாங்கவில்லை.

“முப்பது நிமிஷம் பாத்தோம் ஐயா. பன்னெண்டு ஒண்ணுக்கு அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டோம். அவங்க கிளம்பிட்டாங்க.”

பன்னிரண்டு ஒன்று. மழை விட்டது பன்னிரண்டு பத்து. ஒன்பது நிமிடம். டிகிரி பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரு மணிக்குரிய ஆறு கட்டங்களும் நோட்டில் காலியாகவே விடுபட்டன. இருபத்திரண்டு வருடத்தில் அது முதல் தடவை. பிறகும் அவர் அவற்றை நிரப்பவில்லை. பார்க்காததை எப்படி எழுதுவது?

வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் செய்தியை அழித்தார். மனைவியிடம் மறைக்க முடியாது, பதினான்காம் தேதி எப்படியும் அங்கேயே சொல்லிவிடுவார்கள். யாரால் என்பதைத்தான் மறைக்க வேண்டியிருந்தது. அக்கா உயிர் பிழைக்க வந்த போனைத் தம்பி பூட்டி வைத்தான் என்றால், அக்கா தாங்குவாளோ மாட்டாளோ, தம்பி தாங்கமாட்டான்.

“மத்தியானம் மூணு மணிக்கு வந்திருக்கு” என்றார். “நான்தான் மறந்தாப்ல போனை எடுத்துக்கிட்டு வெண்ணெய் ரூமுக்குள்ள போயிட்டேன்.”

மனைவி அவரையே பார்த்தாள். “மறந்தாப்லயா? நீங்களா?”

“ஆமா.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடை வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். “என்ன மாமா நீங்க? ஆணியில தொங்கவிடுங்க, நான் பாத்துக்கறேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா? எதுக்கு உள்ள எடுத்துட்டுப் போனீங்க? ஊருக்கெல்லாம் டிகிரி பாத்துச் சொல்வீங்க, சொந்தப் பொண்டாட்டிக்கு வந்த போனைப் பாக்க மாட்டீங்களா?”

டிகிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “தப்புதான் மச்சான்.”

“தப்புன்னா? தப்புன்னு சொன்னா கிட்னி திரும்பி வந்துடுமா?” அவன் குரல் உடைந்துவிட்டது. அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். புருஷன் பக்கம் அவள் கண் திரும்பவில்லை.

பதினான்காம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதிவுக்கார அம்மாள் பதிவேட்டைப் பிரித்து, அவர்கள் பக்கமாகத் திருப்பி, விரலால் காட்டினாள். ஒன்பதாம் தேதி, முற்பகல் 11.31, 11.38, 11.47, தொடர்பு கிடைக்கவில்லை. பட்டியலில் அவர்கள் பெயர் அப்படியே இருக்கிறது, ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். மனைவி அந்த மூன்று எண்களையும் இரண்டு தரம் படித்தாள். இரண்டாவது எண்ணை மாற்றும் படிவத்தில் தம்பியின் எண்ணை வாயால் சொல்லி எழுதச் செய்து, கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர்.

“பதினொன்னு முப்பத்தொன்னு” என்றாள்.

“ம்.”

“நீங்க மூணு மணின்னீங்க. உங்களுக்கு மணி தப்பாதே.”

அவர் பஸ் டிக்கெட்டை நான்காக மடித்தார்.

“அன்னைக்குப் பதினொன்னரைக்கு நான் ஜன்னலைச் சாத்தினேன். சாரல் அடிச்சுது.” இரண்டு நிறுத்தம் கடந்த பிறகு மெதுவாகக் கேட்டாள். “எங்க வச்சான்?”

“மேசை டிராயர்ல. துணில சுத்தி.”

“நனையக்கூடாதுன்னு.”

“ஆமா.”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. “ஆறு வயசுல என் பள்ளிக்கூடச் சட்டையை மழைக்கு எடுக்க ஓடி, வழுக்கி விழுந்து முன்பல்லை ஒடைச்சுக்கிட்டான். ரத்தம் ஒழுக ஒழுக, அக்கா நனையலை பாருன்னு நீட்டினான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

“தெரியாது.”

“அஞ்சு நாளா உங்ககூட ஒரு வார்த்தை பேசலை நான்.”

“ரெண்டாம் நாள் கஞ்சில உப்பு ஜாஸ்தின்னு சொன்னே.”

“அது பேச்சா? அது திட்டு” என்றாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை எப்போதும்போல் சில்லென்று இருந்தது.

மறுநாள் டிகிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேனை அறுத்து, கூரை போல் வளைத்து, ஆணிக்கு மேலே பொருத்தினார். தகரம் கூடாது, கோடு குறையும் என்று அவருக்குத் தெரியும். வைத்துவிட்டு, உள்ளே போனை மாட்டி, எட்டிப் பார்த்தார். மூன்று கோடு.

குடை கூண்டிலிருந்து தலையை நீட்டினான். “என்ன மாமா, போனுக்கு வீடு கட்டியாச்சா? முன்னாடியே கட்டியிருக்கலாம்ல. என் வேலையும் மிச்சம்.”

“இப்பத்தான் தோணுச்சு மச்சான்.”

“இனிமேயாவது இங்கேருந்து எடுக்காதீங்க. சொல்லிட்டேன்.”

“எடுக்க மாட்டேன்.”

ஆகஸ்டில் மழை வலுத்தது. மனைவிக்கு இப்போது ஏழு படிகூட முடிவதில்லை, மூன்றுதான். தூறல் விழும்போதெல்லாம் டிகிரி எந்த அறையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வெளியே வந்து, முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்கிறார். கூண்டின் வாசலில் குடை, பழக்க தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு எழுந்து வருகிறான். பிளாஸ்டிக் கூரையைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொள்கிறான்.

“உள்ள வாங்க மாமா, நனையறீங்க” என்று கத்துகிறான்.

“இருக்கட்டும்” என்கிறார் அவர், போனைப் பார்த்தபடி.