மூன்றாம் ஓலை

எனக்குப் பேச்சு போன பிறகுதான் எல்லோரும் என்னிடம் பேச வந்தார்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன் வாதம் வந்து அப்படியே சாய்ந்தேன். கை, கால், நாக்கு எல்லாம் போயின. காதும் புத்தியும் மட்டும் பாக்கி. வாயில்லாதவனிடம் ரகசியம் பத்திரம் என்று சர்ச்சில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் வரைக்கும் வந்து கொட்டிவிட்டுப் போவார்கள்.

என் இமை தானாகத் துடிக்கும். அதை அவரவர் வசதிக்கு வாசித்துக்கொள்வார்கள். மகளுக்கு என் தம்பி அனுமந்தை ஊர் மாப்பிள்ளையைப் பேசி முடித்ததும் அப்படித்தான். "அண்ணன் கண்ண சிமிட்டி சரின்னுட்டாரு" என்றான்.

அன்று சாயங்காலம் மகள் என் காதருகே அழுதாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா. நர்சிங் முடிக்கணும். நான் சொன்னா சித்தப்பா கேக்க மாட்டாரு. நீ ஒரு வார்த்த சொன்னா நின்னுடும்பா."

அந்தச் சமயம்தான் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா, மூளையைப் படிக்கும் தொப்பியைக் கொண்டுவந்தார். கருவி ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கும். வேண்டிய எழுத்து வரும்போது மனசு அதைப் பிடித்துக்கொண்டால் திரையில் விழும். மல்லுக்கட்டி 'தண்ணி' என்று எழுதினேன். மனைவி ஓவென்று அழுதாள். தொப்பியிலுள்ள பஞ்சுகளைச் சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீரில் நனைத்து மாட்டச் சொல்லி, கருவியை வீட்டில் விட்டுப் போனார் டாக்டரம்மா.

கல்யாண அறிவிப்பை எங்கள் சர்ச் பங்கில் ஓலை என்போம். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். கருவி வருவதற்குள் இரண்டு ஓலை முடிந்திருந்தது. சனிக்கிழமை காலையில் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லை மனசுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

தம்பிக்குச் சிட்டிகை போதுமா? "உப்புக்கு நம்மகிட்டயா பஞ்சம்?" என்று, பாத்தியில் உப்புப் பூக்கிற கெட்டித் தண்ணீரையே வாளியில் கொண்டுவந்து, தொப்பி சொட்டச் சொட்ட ஊற்றினான். பஞ்சுக்குப் பஞ்சு தண்ணீர் ஓடிச் சேர்ந்ததில் கருவிக்கு எல்லாம் ஒரே இரைச்சல். திரையில் கண்டபடி எழுத்துகள் ஓடின.

"அவ்ளோதான். அண்ணனுக்கு மூள ஓஞ்சிடுச்சு" என்று என் தலையைத் துடைத்துவிட்டான். நல்ல மனசோடுதான் துடைத்தான். அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக. மறுநாள் மூன்றாம் ஓலையை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த டாக்டரம்மா, காய்ந்த பஞ்சில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கழுவி மாட்டியதும் கருவி வேலை செய்தது. அன்று மகளும் மறுவீட்டுக்கு வந்திருந்தாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"பொண்ணுக்கு ஏதாச்சும் சொல்லுண்ணா" என்றான் தம்பி.

தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் மகள் குனிந்தாள். "அப்பா, நான் அன்னிக்கு அழுதத சொல்லிடாத. இனிமே சொன்னா எனக்குத்தான் அசிங்கம்."

'நல்லா இரு' என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.