நீலக் கோடு போட்டால் புது வளாகம்

என் வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் 'பெயர்ச்சி' என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. மேசை, அலமாரி, ஆய்வுக்கூடத்துக் குடுவைகள், செத்துப்போன பேராசிரியர்களின் படங்கள் என்று எது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதானாலும் தூக்கிக்கொண்டு போகிற ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. அவர் ஒரு துறையின் வாசலில் வந்து நின்றாலே உள்ளே இருப்பவர்கள் மேசை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்குவார்களாம். பெயர்ச்சி வந்தாச்சு, இனி நமக்கு எந்த மூலையோ என்பார்களாம். இதை அவரே வந்து சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதிகமாக இடம் மாற்றப்பட்ட சாமான் நான்தான்.

பழைய பல்கலைக்கழகம், பெரிய பேர். வெளியூர்க்காரர்கள் மணிக்கூண்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆற்றங்கரையில் ஒரு வியாபாரி கொடுத்த தானியக் கிடங்கில் தொடங்கியதாம். ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் வகுப்பு. பிறகு பெரிய மண்டபம் வந்தது, மணிக்கூண்டு வந்தது. யுத்தகாலத்தில் மண்டபத்தில் கட்டில்களைப் போட்டுக் காயம்பட்டவர்களைப் படுக்கவைத்தார்கள், பாடம் மரத்தடிக்குப் போனது. பெண்களைச் சேர்க்கச் சொன்னபோது உட்கார வைக்க இடமில்லை என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் குதிரை லாயத்தைக் கழுவிக் கொடுத்தார்கள். அப்புறம் விஞ்ஞானம் வளர்ந்தது, லாயமும் பற்றவில்லை. இதெல்லாம் ஆண்டுவிழா மலரில் வழவழப்பான தாளில் அச்சாகியிருக்கிறது. 'பல்கலைக்கழகம் படிப்படியாக விரிவடைந்தது' என்று அதில் ஒரு வரி வரும். விரிவடைவது என்றால் என்னவென்று என்னைக் கேட்டிருந்தால் நான் ஒரு மலர் போட்டிருப்பேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது ஊழியர் வீடுகள் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்தன. அவற்றை இடித்து வேதியியல் துறைக்குக் கட்டடம் எழுப்பினார்கள். அடுத்து மைதானத்து ஓரம் ஒரு வீடு. பந்து வந்து கண்ணாடியை உடைத்தாலும் நல்ல வெளிச்சம். அங்கே மாணவர் விடுதி வந்தது. அதற்கும் அடுத்த வீட்டின் மேல்தான் இப்போது கணினி மையம் நிற்கிறது. என் சமையலறை இருந்த இடத்தில் யாரோ ஒரு பையன் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பான். நான் தையல்காரி. பட்டமளிப்பு விழா அங்கிகளை ஆளுக்குத் தக்கபடி பிடிப்பதும் விடுவதும் ஓரம் அடிப்பதும் என் வேலை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்குச் சோறு இல்லாவிட்டாலும் ஜன்னல் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜன்னலைப் பார்த்து மிஷினைப் போட்டு, வெயில் எப்போது எங்கே விழும் என்று பழகி முடிப்பேன். உடனே இவர் வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். அடுத்த இடிப்புச் சேதி அந்தக் கனைப்பிலேயே இருக்கும்.

வீட்டுக்கு வந்தாலாவது மனுஷன் சும்மா இருப்பாரா? இருக்க மாட்டார். டீயைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்ப்பார். பார்த்தால் போச்சு. கட்டில் கிழக்கே போகும், பீரோ மேற்கே வரும். கடைக்குப் போய்விட்டு வந்து, இருந்த இடத்தில் நாற்காலி இருக்கும் என்று நம்பி உட்காரப்போய் நான் தரையில் விழுந்திருக்கிறேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். அப்பா வந்துட்டுப் போனா எங்க சோபாவை நாங்களே தேடணும் என்று அவள் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். அவருக்குக் காலில் சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்தில் சிக்கிய புடவை நான்.

அதனால்தான் ஊருக்கு வெளியே, பஸ் வந்து திரும்புகிற இடத்தைத் தாண்டி, சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினோம். வாங்க வைத்தது நான். வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு அறைகள் கண்ணில் படவில்லை, தெற்கே இருந்த அகலமான ஜன்னல்தான் பட்டது. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஆனால் அதே சமயத்தில் பல்கலைக்கழகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது வளாகம் கட்டி, துறை துறையாக அங்கே மாறிக்கொண்டிருந்தது. மாறி முடிக்கிறவரை, இன்னும் இரண்டு வருஷம், நீங்கள் கூட இருக்க வேண்டும், வளாகத்திலேயே வீடும் தருகிறோம் என்று பதிவாளர் இவரைக் கூப்பிட்டுச் சொன்னார். வளாகத்து வீடு! எத்தனை பார்த்தாயிற்று. முடியாது என்று சொல்லிவிடுங்கள், நாம் குடிபோகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். சத்தியமாகச் சரி என்றார்.

இங்கே அவருடைய சாக்பீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாமான் தூக்குகிற நாளில் ஆளாளுக்கு வாய் இருக்கும். ஒரு பேராசிரியர் அந்த மேசை எனக்கு என்பார், இன்னொருவர் இல்லை எனக்கு என்பார், அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டையும் கீழே இறக்கு என்பார். இதைச் சமாளிக்க இவர் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். போகிற இடத்துக்கு ஒரு நிறம். அந்த நிறத்தில் சாமானின் மேல் ஒரு கோடு. ஆட்கள் கோட்டைப் பார்த்துத் தூக்க வேண்டும், யார் வாயையும் கேட்கக் கூடாது. துணைவேந்தரே வந்து சொன்னாலும் கேட்கக் கூடாது, ஏன், நானே சொன்னாலும் கேட்காதீங்க என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார். புது வளாகத்துக்கு நீலம். எங்கள் வீட்டுக்குச் சிவப்பு என்று ஒரு வாரம் முன்பே ஆட்களிடம் சொல்லியும் ஆயிற்று.

குடிபோகிற நாள் காலையில் வீட்டைக் கழுவித் தயாராக வைக்க நான் சாவியோடு முதல் பஸ்ஸில் போய்விட்டேன். லாரியில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னார். தரையைத் துடைத்தேன். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் தரையைத் துடைத்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து, துடைத்த தரையில் நானே தடம் போட்டுவிட்டு அதையும் துடைத்தேன். ஒருவழியாக லாரி வந்தது. கதவைத் திறந்தார்கள். உள்ளே நீளநீளமான பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, கண்ணாடி போட்ட அலமாரிகள், தாடி வைத்த ஒரு பெரியவரின் படம். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் பூந்தொட்டியோடு ஒரு பேராசிரியை அம்மா.

தத்துவத் துறையின் தலைவி அவர். தத்துவக்காரர்களை இடத்தை விட்டு எழுப்பினால் சண்டை போட மாட்டார்கள் என்பதால், புதிதாக வருகிற ஒவ்வொரு துணைவேந்தரும் முதலில் கைவைப்பது தத்துவத் துறையில்தான். மண்டபத்து மாடியில் இருந்தவர்கள் லாயத்துக்குப் போய், அங்கிருந்து நூலகத்தின் நிலவறைக்குப் போய், கடைசியில் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அந்த அம்மா என் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பூந்தொட்டியை அதன் ஓரத்தில் வைத்தார்.

"முன்னாடி குடுத்ததுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல. பசங்களுக்குத்தான் பஸ் கொஞ்சம் தூரம்" என்றார்.

ஊருக்கு வெளியே தள்ளினாலும் தள்ளுவார்கள் என்று அவர் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். இது என் வீடு, நான் குடிவருகிறேன் என்று நான் சொன்னதும் பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. என்னுடைய சாமான் எங்கே என்று ஆட்களைப் பிடித்து உலுக்கினேன். ஆட்களில் மூத்தவனை நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, உங்க வீட்டுச் சாமானெல்லாம் நீலக் கோடு அண்ணி, இன்னொரு வண்டியில புது வளாகம் போயிருக்கு என்றான். நடந்தது அவன் சொல்லித்தான் புரிந்தது. முந்தைய நாள் எங்கள் சாமானுக்குக் கோடு போட்டபோது இவர் பையில் இருந்தது நீல சாக்பீஸ். கை பழக்கத்தில் போட்டுக்கொண்டே போய்விட்டது. காலையில் பார்த்துத் திடுக்கிட்டு, அத்தனையையும் யார் அழிப்பது என்று தத்துவத் துறைக்குச் சிவப்பைப் போட்டுவிட்டு, இன்னைக்கு ஒருநாள் மட்டும் நீலம் வீட்டுக்கு, சிவப்பு வளாகத்துக்குன்னு மாத்திக்கோங்கடா என்று வாயால் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னதை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

"கட்டில்ல நீலத்தப் பாத்ததும், அண்ணன் வேலைய விடல, அங்கயே குடிபோறார் போலன்னு நெனச்சோம் அண்ணி. எல்லாருக்கும் சந்தோஷம்" என்றான் நெட்டை.

எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தத்துவத் துறைக்குக் கோடு போட்டாரென்றால், லீவு நாளில் அவர் அங்கே வேலை பார்த்திருக்கிறார். இப்போது எங்கே என்று கேட்டேன். புது வளாகத்தில், தத்துவத் துறையை வரவேற்க நிற்கிறாராம். இறக்கியது பாதி, இறக்காதது பாதி என்று எல்லாவற்றையும் திரும்ப ஏற்றச் சொல்லி, பேராசிரியை அம்மாவின் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்தேன். அவர் தொட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டார். லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

புது வளாகம் முழுக்கக் கண்ணாடியும் சிமெண்ட் வாசனையும். தத்துவத் துறைக்கு ஒதுக்கிய பெரிய அறையின் கதவைத் தள்ளினால், உள்ளே என் வீடு இருக்கிறது. கட்டில் சுவரோரம் நேராக, பீரோ அதன் கால்மாட்டில், பாத்திர மூட்டைகள் அளவு பார்த்து அடுக்கி. என் தையல் மிஷின் ஜன்னலடியில். நாலாள் உயர ஜன்னல், அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. பக்கத்தில் எங்கள் சாப்பாட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வேலை செய்கிற இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கத்தித் தீர்ப்பதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒரு கேள்விதான் வெளியே வந்தது.

"பதிவாளர்கிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

"சத்தியம் பண்ணீங்களே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன், சொல்லு. ஒரு தடவ எல்லாத்தையும் அது அது எடத்துல வச்சிட்டா முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நான் எதுக்கு?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருஷம் இவருக்கு வேலைதான் பித்து என்று நினைத்திருந்தேன். பயம் என்று தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருப்பேன். ஆனால் இவர் பயத்துக்காக நான் இன்னொரு வீட்டில் ஏறி இறங்க முடியுமா? இவர் கனைத்த ஒவ்வொரு தடவையும் மிஷினைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனவள் நான். ஒரே ஒரு தடவை என் சொல்லுக்கு இவர் வரட்டும்.

அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். நீலம் வந்தது, கீழே போட்டேன். சிவப்பு வந்தது. அவரைத் திருப்பி, முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை நீளமாக ஒரு கோடு இழுத்தேன். நாற்காலியின் முதுகிலும் ஒன்று.

வாசலில் ஆட்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நெட்டை கோட்டைப் பார்த்தான், மற்றவர்களைப் பார்த்தான், பெஞ்சைக் கீழே வைத்தான். வந்து நாற்காலியின் கால்களைப் பிடித்து அவரோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

"டேய், எறக்குங்கடா. நான் சொல்றேன்ல."

"நீங்களே சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னுதானே அண்ணே சொல்லியிருக்கீங்க" என்றான் நெட்டை.

பேராசிரியை அம்மா தொட்டியோடு ஒதுங்கி வழிவிட்டார். தாழ்வாரத்தில் பல்கலைக்கழகமே எட்டிப் பார்த்தது. என்ன சத்தம் என்று பதிவாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். தோள்களுக்கு மேல் ஆடிக்கொண்டு போகிற தன் மேஸ்திரியைப் பார்த்து, என்ன இது என்றார். கோட்டைக் காட்டி, அது விளையாட்டு சார் என்று இவர் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பதிவாளரைப் பார்த்தார்.

"சிவப்பு போட்டுட்டாங்க சார். நான் போறேன்" என்றார்.

எங்கள் சாமானின் நீலக் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டில் முதலில் இறக்கியது மிஷினை. தெற்கு ஜன்னலடியில் நானே அதன் இடத்தைக் காட்டினேன், அதன் காலில் ஒரு சிவப்புக் கோடும் போட்டேன். அவர் ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, கட்டில் அதற்குள் எல்லாச் சுவரையும் பார்த்துவிட்டது. நாற்காலியை நான் இருட்டில் தடவிப் பார்த்துத்தான் உட்காருகிறேன். மிஷினுக்குப் பக்கத்தில் மட்டும் வந்து நிற்பார், அதன் காலில் இருக்கிற சிவப்பைப் பார்ப்பார், போய்விடுவார்.