சாணை பிடிக்காத அரிவாள்

கருப்பசாமியைக் கும்பிடும் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கொலைக் கேசில் ஆயுள் தண்டனை பெற்று ஒன்பது வருடம் ஜெயிலில் இருந்தார். செத்தவர் எங்கள் பங்காளி. அவரோடு எங்களுக்கு வரப்புத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். அதனால் போலீஸ் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தது.

தீர்ப்பு அன்று நான் அழவில்லை. கைக்குழந்தையோடு விளாங்குடிக்குக் குடிவந்தேன். தையல் மெஷின் மிதித்தேன். எதுவும் உறைக்கவில்லை. சாமி விளக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

போலீசிடம் அவர் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாதாம். ஆனால் கொலை செய்த ஆயுதம் என்று கருப்பன் கோயிலில் அவர் எடுத்துக் கொடுத்த அரிவாள் செல்லுமாம். அது ஒன்றுதான் அவரை உள்ளே வைத்தது.

போன ஆடியில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. அன்று விளக்கை நிமிர்த்தி ஏற்றினேன். "கருப்பா, எங்களுக்குப் பேசத் தெரியல. நீ பேசு" என்றேன்.

மறுநாள் புது வக்கீலம்மாவோடு ஜெயிலுக்குப் போனேன். வக்கீலம்மா அவரிடம் கேட்டார்: "அண்ணே, கோயில்ல அம்புட்டு அருவா நிக்குதே, அதை மட்டும் ஏன் எடுத்தீங்க?"

"ஒண்ணை எடுத்துக் குடுடான்னு அடிச்சாக. அடுத்தவுக நேர்த்திக்கடனைத் தொடலாமாம்மா? அதான் மக பொறந்ததுக்கு நான் வச்சதை எடுத்தேன்."

கோர்ட்டில் துணியில் சுற்றியிருந்ததால் அது எந்த அரிவாள் என்று நான் பார்த்ததே இல்லை. "இதை ஏன் சொல்லல?" என்றேன். "ஆரும் கேக்கலையே" என்றார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா சொன்னார்: "புதுச் சாட்சி சேர்க்கிறது கஷ்டம்க்கா. ஆனா அருவா ஏற்கெனவே கோர்ட்லதான இருக்கு."

நீதிபதிகள் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். துருவுக்கு அடியில் என் வீட்டுக்காரர் பெயரும் நேர்த்தி வைத்த வருடமும் வெட்டப்பட்டிருந்தன. கொலைக்கு முந்தைய வருடம். நேர்த்தி அரிவாளுக்கு எங்கள் ஊரில் சாணை பிடிக்க மாட்டோம். வாய் மொண்ணையாக இருந்தது. எல்லோரும் வந்துபோகும் இடத்தில் எடுத்த இதை நம்பித் தண்டிக்க முடியாது என்று தையில் விடுதலை செய்தார்கள். பேச வேண்டியதைக் கருப்பன் பேசிவிட்டான்.

இப்போது தினமும் விளக்கு ஏற்றுகிறேன். ஆறாவது படிக்கும் மகள் அவரை இன்னும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். நீங்களும் கருப்பனிடம் மனம் விட்டுக் கேளுங்கள். கவிழ்த்து வைத்த விளக்கிருந்தால் நிமிர்த்தி வையுங்கள்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதையும் அவனிடம்தான் கேட்டிருக்கிறேன். கொடுப்பான்.