தேரைகளுக்கு ஒரு கண்ணாடி இல்லம்

தேரையைக் கண்டால் முகம் சுளிப்போரே மிகுதி. என் மனைவி அவ்வகையினள் அல்லள். நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். மணமாகி இராயபுரத்தில் குடியேறியிருந்தோம். அவ்வாண்டுக் கார்காலத்தில் இரண்டு தேரைகள் அங்கணத்தில் கழிநீர் வெளியேறும் துளை வழியே உள்ளே வந்து, தண்ணீர்த் தொட்டியின் அடியில் குடிபுகுந்தன. நான் தண்டையார்பேட்டைப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். காலையில் புறப்பட்டால் விளக்கேற்றும் வேளைக்குத்தான் திரும்புவேன். புதிய ஊரில் பகலெல்லாம் தனித்திருந்த அவளுக்கு அவை இரண்டுமே துணையாயின. நான் கால் கழுவும்போதே அன்றைய செய்திகளைத் தொடங்கிவிடுவாள்: பெரியது கரப்பான் ஒன்றை விழுங்கிவிட்டு, அதன் மீசை மட்டும் வாயோரம் ஆட, ஒன்றும் அறியாததுபோல் அமர்ந்திருந்தது, சிறியது அதைப் பார்த்துப் பொறாமையால் பின்புறம் திரும்பிக்கொண்டது. அரசவைச் செய்தி கேட்கும் அமைச்சனைப்போல் நானும் கேட்டுக்கொள்வேன்.

வீட்டுக்கார அம்மையார் கடல்தொழில் செய்யும் குடும்பத்தவர். கணவர் கட்டுமரத்தில் போவார். அம்மையார் மீனைக் கருவாடாக்கி விற்பார். முற்றத்தின் ஒரு பாதி அவருடைய பாய்களுக்கும் அவற்றின்மேல் உலரும் நெத்திலிக்கும் உரியது; மறு பாதியும் இரண்டு அறைகளும் எங்களுக்கு. எங்கள்பால் மிக்க அன்புடையவர். தேரைகளையும் ஓராண்டுக் காலம் கண்டும் காணாமல் இருந்தார்.

அடுத்த புரட்டாசியில் நிலைமை மாறிற்று. அவருடைய மூத்த மகள் வளைகாப்பு முடிந்து, தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வரவிருந்தாள். சூலுற்றவள்மேல் தேரை பாய்ந்தால் பிறக்கும் குழந்தை வற்றி மெலியும் என்பது அங்கு யாவரும் நம்பிய ஒன்று. ஒரு நாள் அம்மையார் கை நிறைய உப்போடு எங்கள் தொட்டியடிக்கு வந்துவிட்டார். உப்பைத் தூவினால் தேரை நில்லாது ஓடிவிடும். எல்லா வீடுகளிலும் அதுவே வழக்கம். என் மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"தா பாரு பொண்ணே, நீ வளக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அம்மையார். "வாயும் வயிறுமா வர்றவ மேல பாஞ்சா யாரு பதில் சொல்றது? பொட்டியில போட்டு மூடிக்கோ. கலீஜு பண்ணாம, நாறாம இருக்கணும். இல்லாட்டி எம்பொண்ணு வர்றதுக்குள்ள வெளிய வுட்டுடு."

பெட்டி என்றதும் என் மனைவி முகம் மலர்ந்தாள். டோல்கேட் சந்திப்பில் தேநீர்க் கடை ஒன்றில், பிசுக்கோத்து வைக்கும் கண்ணாடிப் பேழை விளிம்பில் விரிசல் கண்டு மூலையில் கிடந்தது. கடைக்காரர் மனமுவந்து தந்தார். அதைக் கைரிக்‌ஷாவில் ஏற்றி, அருகில் நானும் ஏறி, மடியில் மகவைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

தேரைக்கு ஈரம் வேண்டும், சேறு ஆகாது. ஊற்றும் நீரில் மிகுதியானது வடிந்தாக வேண்டும். மல்லிகைத் தொட்டியின் அடித்துளைமேல் ஓட்டுச்சில் பரப்புவது என் மனைவியின் பிறந்த வீட்டு வழக்கம். அதையே சற்றுப் பெரிதாக்கிப் பார்த்தாள். பேழையின் அடிப்பலகைக்கு மாற்றாகப் பொருந்துமாறு, ஓரத்தில் வெளியே நீளும் மூக்கு வைத்த தகரத்தட்டு ஒன்று அடித்து வாங்கினோம். தட்டில் உடைந்த ஓட்டுச்சில்லுகள். அவற்றின்மேல் அடுப்புக்கரித் துண்டுகள். மண் கீழே இறங்கி அடைத்துக்கொள்ளாதிருக்கக் கோணித்துணி. அதன்மேல் இலைமக்குக் கலந்த செம்மண். மூக்கின் கீழே வடிநீர் ஏந்த ஒரு கிண்ணம். கிணற்றுச் சுவரிலிருந்து பெயர்த்த பெரணியும் வல்லாரையும் நட்டோம். பதுங்குவதற்கு உடைந்த பானையின் பாதி. குளிப்பதற்கு ஓர் அகல். மேலே கம்பிவலை மூடி. முற்றத்தில் எங்கள் பாதியில் செங்கல்மேல் பேழையை ஏற்றி வைத்தோம். கோணியைத் தந்தவர் வீட்டுக்கார அம்மையாரே. ஓட்டை இல்லாத நல்ல கோணி என்று சொல்லி, சுவரில் இருமுறை அடித்து உதறிக் கொடுத்தார். அவர் மனமாரத் தந்ததை நாங்கள் ஐயுறவில்லை.

தேரைகளை உள்ளே விட்ட மாலையில் அவள் உணவையும் மறந்து பேழையின் முன் அமர்ந்திருந்தாள். ஆனால் அவை மண்ணில் கால் ஊன்ற மறுத்தன. இரண்டும் அந்தச் சிறிய அகலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு ஏறின. பின்னர் இறங்கவே இல்லை. அன்பின் மிகுதி என்று நான் விளக்கம் கூறினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சில நாள்களில் வல்லாரையின் ஓரங்கள் கருகின. பேழையிலிருந்து ஒரு நாற்றமும் எழலாயிற்று. அம்மையார் மூக்கைப் பொத்திக்கொண்டு, தேரையின் நாற்றம் தாம் குடியிருக்கும் முன்கட்டு வரைக்கும் வருகிறதென்றார். மறுநாள் மகள் வருகிறாள். அவை சாவதைவிடப் போவதே நன்று என்று என் மனைவி தானாகவே சொன்னாள். திருவொற்றியூர்க் குளக்கரையில் விட்டுவரலாம் என்று கூடையும் எடுத்து வைத்தாள். அது ஞாயிற்றுக்கிழமை. கூடையின் அடியில் விரிக்கத் துணி ஒன்றை நான் நனைத்து வந்தேன்.

கூடையை எடுக்கப் போனவள் பேழையருகே நின்றுவிட்டாள். அம்மையார் வளர்க்கும் பூனைகள் இரண்டு அங்கே இருந்தன. தேரைகளைப் பிடிக்க வந்தன என்று நான் விரட்டப் போனேன். அவற்றின் தலை மேல்நோக்கித் திரும்பவே இல்லை. தட்டு மூக்கின் கீழிருந்த கிண்ணத்தை இரண்டும் போட்டியிட்டு நக்கிக்கொண்டிருந்தன. என் மனைவி குனிந்து, மூக்கிலிருந்து சொட்டிய நீரை விரலில் ஏந்தி முகர்ந்தாள். பின் நுனிநாவில் வைத்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன்" என்று அழைத்தாள். "இது தேரை வாசனை இல்ல. நெத்திலி. உப்புக் கரிக்குது."

ஊன் உண்ணாத குடியில் பிறந்தவள் அவள். நெத்திலியின் மணத்தை அவளுக்குப் பழக்கியது அந்த முற்றமே. அம்மையாரும் கிண்ணத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "ஐயே, எங்கோணி" என்றார். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரிப்பைக் கேட்டு என் மனைவியும் சிரித்தாள். பல பருவம் கருவாடு சுமந்த கோணியை மண்ணுக்கடியில் விரித்து, அதன்மேல் நாள்தோறும் நீர் தெளித்து, ஈரத்தோடு உப்பையும் மேலேற்றி, நாங்களே எங்கள் தேரைகளுக்கு உப்பிட்டு வந்திருக்கிறோம். இராயபுரத்தில் மீன்மணம் காற்றோடு காற்றாய் இருப்பது. ஒரு கோணியின் மணத்தைத் தனியே பிரித்தறிய எங்கள் மூவர் மூக்கும் மறந்திருந்தன.

அப்பொழுதே பேழையைக் கவிழ்த்தோம். ஓட்டுச்சில்லுகளைக் கிணற்றடியில் அம்மையாரே அலசினார். கரியும் மண்ணும் புதிதாயின. கோணிக்கு மாற்றாகத் தென்னையின் பன்னாடை போதும் என்று என் மனைவி சொன்னாள். நீரை விட்டு மண்ணைப் பிடித்து வைக்க அதைவிடச் சிறந்த வடிகட்டி ஏது? பக்கத்து மரத்தடியிலிருந்து வீட்டுக்காரரே எடுத்து வந்தார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. தேரைகளை விட்டோம். பெரியது ஒரு கணம் அசையாதிருந்தது. பிறகு பின்கால்களால் மண்ணை விலக்கி விலக்கி, கண்கள் மட்டும் வெளியே தெரியுமாறு பின்புறமாக இறங்கிற்று. சிறியதும் அருகே இறங்கிற்று. என் மனைவி என் தோளை அத்தனை வலிமையாக அதற்கு முன் பற்றியதில்லை.

மகள் வந்தாள். முதல் நாள் அம்மையார் தம் முந்தானையால் அவளை மறைத்தே முற்றத்தைக் கடத்தினார். இரண்டாம் நாள் அவள் பேழையின் முன் மணை போட்டு அமர்ந்துவிட்டாள். உள்ளே வா என்று தாய் ஓயாமல் அழைத்தார்.

"கண்ணாடிக்குள்ள கீது. அது எங்க எம்மேல பாயப் போவுது?" என்றாள் மகள். "நீதாம்மா பாயுற."

ஐப்பசி மழை வந்தது. ஒரு மாலை மழை விட்டதும் ஈசல் கிளம்பி முன்கட்டு விளக்கை மொய்த்தது. அம்மையார் துடைப்பமும் முறமும் எடுத்துப் பெருக்கினார். தெருவில் கொட்டப் போகிறார் என்றிருந்தேன். முறத்தோடு நேரே எங்கள் பக்கம் வந்து நின்றார். என் மனைவி மூடியைச் சிறிதே தூக்கினாள். மறுவிளிம்பை அம்மையார், ஒன்றும் தாவிவிடாதபடி, இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் மனைவி மறு கையால் முறத்திலிருந்து அள்ளிப் போட, ஈசல்கள் மண்மேல் உதிர்ந்தன. இரண்டு தலைகள் எழுந்தன. நாக்கு நீண்டதும் மடங்கியதும் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஈசல்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மையார் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை; பேழையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"இன்னொரு கை போடு பொண்ணே" என்றார். "சின்னது பட்டினியா கீது பாரு."