சும்மா இருப்பதற்குத் தண்டனை இல்லை

கரடியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, பங்குச் சந்தையில் வாங்கி விற்க ஒரு புரோகிராமைப் பழக்குகிறேன். நாய்க்குட்டியைப் பழக்குவது போலத்தான். பழைய விலைகளை ஒவ்வொரு நாளாகக் காட்டுவேன். அது வாங்கலாம், விற்கலாம், சும்மாவும் இருக்கலாம். லாபம் பார்த்தால் மதிப்பெண், நஷ்டப்பட்டால் கழித்துவிடுவேன். பெரிய நஷ்டத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கழிப்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. அதாவது, அது எவ்வளவு பயப்பட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் சேலத்து டாக்டரம்மா, சிகிச்சையை உடனே ஆரம்பிக்கலாம் என்றார். எங்கள் சேமிப்பு மொத்தமும் அதற்குச் சரியாகப் போகும். பலிக்காமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். வயது ஏற ஏற வாய்ப்பு குறையும் என்றும் சொன்னார். பலிக்காமலும் போகலாம் என்றது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன்.

"அலை ஓஞ்சப்புறம் தலை முழுகறேன்னா நடக்குமாங்க?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் அதன்பிறகு கேட்கவில்லை. சம்மதித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில், நஷ்டத்துக்கான தண்டனையை ஒரேயடியாக ஏற்றிப் பார்த்தேன். மறுநாள் காலை பார்த்தால், அத்தனை வருட விலைகளிலும் புரோகிராம் ஒரு பங்குகூட வாங்கியிருக்கவில்லை. நஷ்டம் பூஜ்யம். எனக்கு உள்ளூரப் பெருமை. மேனேஜர் போனில் சிரித்தார். "இதுக்கு எதுக்கு சார் புரோகிராம்? பீரோல வச்சுப் பூட்டிடலாமே. சும்மா இருக்கிற நாளுக்கு எவ்வளவு கழிக்கிறீங்க?"

ஒன்றும் கழிக்கவில்லை. அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சும்மா இருக்கும் நாளுக்கும் கொஞ்சம் கழிக்கச் சொல்லி புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். மதியத்துக்குள் அது வாங்க ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குத்தான் என் மனைவி தனியாகச் சேலம் போயிருந்தாள். டாக்டரம்மா புதிதாக எடுக்கச் சொன்ன டெஸ்ட்களின் முடிவு வந்திருந்தது. எனக்கு மீட்டிங். சாயங்கால பஸ்ஸில் திரும்பியவள், நனைந்த குடையை மடக்காமல் வாசலிலேயே விட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இனிமேல் வைத்தியம் பண்ணிப் பிரயோசனம் இல்லையாமுங்க. அப்பவே ஆரம்பிச்சிருக்கோணும்னாங்க."

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல, அவள் சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வெட்கம் மட்டும் லேசாக இருந்தது. இதை எழுதும் இப்போதும் அவ்வளவுதான் இருக்கிறது.

"ஏனுங்க, அந்தப் பணம் அப்படியே இருக்குதுங்களா?"

"இருக்குது. வட்டியோட."

"செரிங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத இனி என்னத்துக்குன்னு வெச்சிருக்கறோம்?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.