போர்வைக்குள் ஒரு முழங்கால்

திரையில் எலும்பு மடங்கினால் மேசைக்கு அடியில் அவர் காலும் மடங்கும். யாரோ ஒருவரின் முழங்காலைக் கம்ப்யூட்டரில் மடக்கி நீட்டிப் பார்க்கும்போது, அவருடைய வலது காலும் தன்னையறியாமல் கூடவே மடங்கி நீளும். எதிரே உட்கார்ந்தவர் உதை வாங்காமல் தப்ப முடியாது. ஆபீஸில் அவருக்கு முட்டியக்கா என்று பெயர்.

ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செயற்கை மூட்டு வடிவமைப்பது அவர் வேலை. ஸ்கேன் படங்கள் ஏடு ஏடாக வரும், அடுக்கினால் எலும்பு. அதற்குப் பொருந்துகிற உலோக மூட்டையும், எங்கே வெட்ட வேண்டும் என்று டாக்டருக்குக் காட்டும் அச்சையும் வரைந்து தருவார். நோயாளியின் பெயர் வராது, முகம் வராது, வெறும் எண்தான். அதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்க முடியுமா? "ஏங்க பெரியவரே, இவ்ளோ தேயற வரைக்கும் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்பார். எலும்பு கொஞ்சம் இளசாக இருந்தால் உரிமை கூடிவிடும். "உனக்கென்னம்மா அவசரம், அதுக்குள்ள இங்க வந்துட்டே?"

போன மாதம் வந்த முழங்காலில், தொடை எலும்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு. மூட்டு தேயும்போது எலும்பு இப்படி முளைப்பதுண்டு. ஸ்கேனில் படுத்தவர் காலை அசைத்துவிட்டாலும் படம் இப்படிப் புடைத்துக் காட்டும்.

"தேய்ச்சு விட்டுடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"மேடு நிஜமா இருந்தா அச்சு உட்காராம ஆடும். அச்சு ஆடினா வெட்டு கோணும். வெட்டு கோணினா அவங்க நடையே கோணும். உனக்கா வலிக்கப்போகுது?"

கால் அசைந்திருந்தால் தோலும் அதே இடத்தில் பிசகியிருக்க வேண்டுமே என்று காலின் வெளிக்கோட்டைப் பார்த்தார் முட்டியக்கா. வழவழவென்று இருந்தது. அப்படியானால் மேடு நிஜம். அதற்கு இடம் விட்டே அச்சை முடித்து அனுப்பிவிட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் கணவர் தடித்த போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் சைக்கிள் மிதிக்கிற ஆள் அவர். வெளியே நீட்டியிருந்த பாதம் வெடுக்கென்று இழுத்தது. முழங்கால்மேல் கிடந்த போர்வை அசையவே இல்லை. அதைப் பார்த்த முட்டியக்கா சட்டென்று எழுந்து செருப்பைத் தேடினார். ஸ்கேன் எடுக்கிற அறை குளிருமே, போர்த்தித்தானே படுக்க வைத்திருப்பார்கள்? அன்று தான் பார்த்த வழவழப்பு தோலா, போர்வையா?

"எங்க கிளம்பிட்டே?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் கணவர்.

"போர்வையைப் பார்க்க."

"அதான் போத்தியிருக்கேனே" என்று திரும்பிப் படுத்தார்.

காவலாளியைக் கெஞ்சி ஆபீஸைத் திறக்கவைத்தார். ஸ்கேன் படத்தைத் திறந்து பார்த்தால் நினைத்தது சரிதான், அன்று பார்த்தது போர்வை. தோல் பிசகியிருந்தால் இப்போதே டாக்டரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். நாளை வலி தீரும் என்று நம்பிக் காத்திருக்கிற அந்த மனுஷரோ மனுஷியோ, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். திரையில் போர்வையை மெல்ல உரித்தெடுத்தார். அடியிலிருந்த தோல் மேட்டைத் தாண்டி ஒரு பிசிறில்லாமல் போயிற்று. கால் அசையவில்லை. மேடு நிஜமேதான்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காவலாளி பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "யாருக்காச்சும் உடம்புக்கு முடியலையாம்மா?"

"இல்லைங்க, நல்லா இருக்காங்க. இனிமே நல்லாவே இருப்பாங்க."

திங்கட்கிழமை டாக்டர் போன் செய்தார். "அச்சு பச்சக்குனு உட்கார்ந்துடுச்சு மேடம். அந்த மேட்டை விட்டுவெச்சீங்க, நல்லதாப் போச்சு." நாக்கு நுனிவரை வந்த போர்வைக் கதையை முட்டியக்கா விழுங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் சாப்பாடு வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே இறங்கியது.

மறுநாள் நோயாளியின் சம்மதத்தோடு ஒரு வீடியோ வந்தது. முகம் இல்லை, வாக்கரைப் பிடித்த கைகளும் இரண்டு கால்களும் மட்டும். கட்டுப் போட்ட கால் தரையில் ஊன்றத் தயங்கி அந்தரத்தில் நின்றது. முட்டியக்கா போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்தார். "வாங்க, மெதுவா வாங்க" என்று அதை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.