ஜூலியட்டும் ‘புதிர்’ சொன்ன தீர்ப்பும்

எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாக இருந்த ஜூலியட்டுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பொறாமையில் சொல்லவில்லை. அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து, கொடைக்கானலிலேயே ஒரு கன்னியர் மடத்து ஆபீஸில் பதினோரு வருடம் கடிதம் அடித்தவள். எங்கள் கல்லூரியும் அவளைத் தட்டச்சுக்குத்தான் எடுத்தது. 2003-இல் தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிவிட்டு இருபது கம்ப்யூட்டர்களை இறக்கினார்கள். அறை அதே அறை, சாவி அவள் இடுப்பில், ஆகவே லேப் அசிஸ்டென்ட் பதவியும் அவளுக்கே வந்து சேர்ந்தது.

நான் அடுத்த அறையில் நூலகர், சண்முகசுந்தரி. மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான்.

தெரியாது என்று சொன்னாலும் அந்த லேபை அவள் வைத்திருந்த விதம் இருக்கிறதே! மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும் ஊர் இது. சி.டி.களில் பூசணம் பிடிக்கும் என்று அலமாரிக்குள் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைப் பகலெல்லாம் எரியவிட்டிருப்பாள். செருப்போடு எவளாவது உள்ளே கால் வைத்தால் தொலைந்தாள்.

செல்வின் என்று ஒரு இளவயது வாத்தியார் இரண்டு வருடம் எங்களிடம் வேலை பார்த்தார். பெண்களுக்கு நிரல் எழுதும் புதிர்கள் கொடுப்பது அவருடைய கிறுக்கு. ஒரு தோட்டத்தில் இத்தனை வரிசை, இன்ன வரிசையில் இத்தனை மரம், எந்த வழியாகப் போனால் குறைந்த நடை என்கிற மாதிரி கணக்குகள். அவற்றைத் திருத்த அவரே ஒரு கருவி செய்தார். அதற்கும் ‘புதிர்’ என்றே பெயர். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். புதிரின் எண்ணையும் மாணவியின் பெயரையும் கொடுத்தால், அது அவளுடைய நிரலை ஓடவிட்டு, வருகிற விடையைக் கோப்பில் இருக்கிற விடையோடு ஒப்பிட்டு, ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று ஒற்றை வார்த்தை சொல்லும். ஏன் என்று சொல்லாது.

2006 மே மாதம் செல்வின் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். நாற்பது புதிர்களும் அந்தக் கறுப்புத் திரையும் ஜூலியட் தலையில் விழுந்தன. ஏழு கட்டளைகளை ஓர் அட்டையில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் வரிசையில் நிற்க, இவள் பத்து விரலாலும் படபடவென்று தட்டி, வந்ததைப் படிப்பாள். பாஸ் என்றால் சத்தமாகச் சொல்வாள். ஃபெயில் என்றால் குரலைத் தணித்து, “ஃபெயில்மா” என்பாள். நல்ல மனசுதான்.

அந்தத் தணிந்த குரலை அதிகம் கேட்டவள் முதல் வருடத்து அடைக்கலமேரி. அப்பா ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். மாதா கோயில் பாடற்குழுவில் ஜூலியட்டுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற பெண். ஜூனிலிருந்து டிசம்பர்வரை ஒரு புதிரில்கூட அவள் பாஸ் ஆகவில்லை. மன்னவனூர் வள்ளியோ மூன்றாம் வருடம், நாற்பதில் முப்பத்தெட்டு பாஸ். வீட்டில் காரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு மூளை.

2007 ஜனவரியில் மதுரையில் கல்லூரிகளுக்கு இடையே புதிர்ப் போட்டி என்று கடிதம் வந்தது. எங்களிடமிருந்து இரண்டு பேர் போகலாம். துறைத் தலைவர் சிவராமன் சார் ஆறு புதிய புதிர்களைத் தயார் செய்து, கணக்கு எண்களையும் விடைகளையும் கையால் எழுதி ஜூலியட்டிடம் கொடுத்தார். அவள் கணக்கு எண்களை ஒரு கோப்பிலும் விடையை இன்னொரு கோப்பிலுமாக ஆறையும் அடித்து ஏற்றினாள். இருபத்திரண்டு பெண்கள் எழுதினார்கள். மறுநாள் இவள் கட்டளை தட்ட, வள்ளி ஆறிலும் ஃபெயில். அவளோடு சேர்த்து இருபத்தொரு பேரும் ஆறிலும் ஃபெயில். அடைக்கலமேரி ஒருத்தி மட்டும் ஆறிலும் பாஸ்.

ஜூலியட் மூன்று முறை தட்டிப் பார்த்தாளாம். மூன்று முறையும் அதேதான். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, மேரி ஜெயிச்சா எனக்குச் சந்தோசந்தான். ஆனா வள்ளி எப்பிடிக்கா ஒண்ணுலகூட வரமாட்டா?”

எனக்கு மட்டும் என்ன தெரியும்? வள்ளி அழுதுகொண்டே சிவராமன் சாரிடம் போனாள். அவர் அவள் விடைகளைத் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். ஆறில் ஐந்து சரி. தாளில் சரி, திரையில் தப்பு. தலை சுற்றியது எங்களுக்கு. அவருக்குச் சுற்றவில்லை, நேராக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். விடைகளை அடித்தவள் ஜூலியட், ஜெயித்தவள் ஜூலியட்டோடு கோயிலில் பாடுகிற பெண். விடையை முன்கூட்டியே கொடுத்திருக்கிறாள், மற்றவர்களைத் தோற்கடிக்கக் கருவியில் கையும் வைத்திருக்கிறாள்.

“எனக்கு அதுல கை வைக்கத் தெரியாதுங்க சார். தட்டத்தான் தெரியும்” என்றாள் ஜூலியட்.

“மெஷினுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கெடையாதும்மா. மனுசங்களுக்குத்தான் உண்டு” என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய நூலகப் பாக்கிப் புத்தகங்களை அன்றைக்கே கேட்டு ஆள் அனுப்பினேன்.

விஷயம் பிரின்சிபாலிடம் போனது. தீர்மானம் இதுதான்: மேரி எல்லார் முன்னாலும் ஏழாவதாக ஒரு புதிரை எழுத வேண்டும். அதன் விடையைச் சிவராமன் சாரே அடிப்பார். பாஸ் ஆனால் மேரி மதுரை போகலாம். ஃபெயில் ஆனால் மேரிக்கு டி.சி., ஜூலியட்டுக்கு வேலை இல்லை.

மேரி எழுதினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜூலியட் கட்டளையைத் தட்டினாள். ‘ஃபெயில்.’

சிவராமன் சார் மேரியின் நிரலையும் எட்டிப் பார்த்தார். முதல் வரியை, பெண்கள் வழக்கமாகப் போடுகிற நட்சத்திரக் கோடு, பூ அலங்காரம் மாதிரி ஏதோ ஒன்று என்று தாண்டி, மேலோட்டமாகப் பார்வையை ஓட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டார். “நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா” என்றார். மேரி அழவில்லை. ஜூலியட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் ஜூலியட் என் அறைக்கு வந்து, கல்லூரிப் போனிலிருந்து செல்வினைப் பிடித்துத் தரச் சொன்னாள். பிடித்துக் கொடுத்தேன். அவள் நடந்ததையெல்லாம் குழப்பியடித்துச் சொன்னாள். எல்லாம் தெரிந்த எனக்கே ஒன்றும் புரியவில்லை. செல்வின் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “விடைக் கோப்பும் பொண்ணோட நிரல் தர்ற விடையும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும் மேடம். ஒரு புள்ளி கூடுதலா இருந்தாலும் ஃபெயில்தான் வரும். ரெண்டையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க.”

எடுத்தாள். பழைய பிரிண்டர் கறகறவென்று இழுத்துத் தள்ளிய தாள்களை என் மேஜையில் பரப்பினோம். ஜூலியட் அடித்த முதல் விடை, அதற்கு வள்ளி தந்த விடை, மேரி தந்த விடை. எண்கள் எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தோம். அவள் நான்கு முறை பார்த்தாள், நான் இரண்டு முறை.

“ஏம்மா ஜூலியட்டு, இந்த மேல இருக்கறது என்னது?” என்றேன்.

“எதுக்கா?”

“இந்தா, தலைப்புல.”

“சிலுவைக்கா” என்றாள், இதைப் போய்க் கேட்கிறாயே என்பது போல. “எப்பவும் போடறதுதான.”

எப்பவும் போடுவதுதான். மடத்தில் பதினோரு வருடம் ஒவ்வொரு தாளின் தலையிலும் கூட்டல் குறியைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். நான் பதிவேட்டில் பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்தியதுண்டா? கணக்குக் கோப்பில் எண்களைத் தவிர எதுவும் வரக்கூடாது என்று சிவராமன் சார் சொல்லியிருந்ததால் அதில் ஜூலியட் போடவில்லை. விடைக் கோப்புக்கு அப்படி எதுவும் சொல்லவில்லையே. ஆறு விடைகளின் தலையிலும் சிலுவை.

மேரியின் விடைத் தலையிலும் சிலுவை. கான்வென்ட்டில் படித்த பெண். நோட்டில் போடுவது போலவே தன் நிரல் ஒவ்வொன்றையும் முதல் வரியாகச் சிலுவையை அச்சிடச் சொல்லியிருந்தாள். வள்ளியின் தாளில் அது இல்லை. சிவராமன் சார் அடித்த ஏழாவது கோப்பிலும் இல்லை.

ஜூலியட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான்... நானேதான்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காலையில் வெள்ளனே பிரின்சிபால் வீட்டு வாசலுக்கே போய் நின்று சொல்லிவிட்டாள். பத்து மணிக்கு லேபில் எல்லாரும் கூடினோம். மேரியின் அப்பாவும் சமையல் கைத்துண்டோடு வந்து ஓரமாக நின்றார். ஜூலியட் ஆறு கோப்புகளிலும் சிலுவையை அழித்தாள். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். மேரியும் தன் ஏழு நிரல்களிலிருந்து அந்த வரியை எடுத்தாள். கட்டளை ஓடியது. வள்ளி ஆறில் ஐந்து பாஸ். மேரி ஏழிலும் பாஸ்.

சிவராமன் சார், “சரி, ரெண்டு பேரும் மதுரைக்குக் கெளம்புங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். மன்னிப்பு, வருத்தம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகும் மேரி நகரவில்லை.

“மிஸ், பழைய புதிரெல்லாம் இருக்கா?”

இருந்தன. ஜூனிலிருந்து அவள் எழுதி ஃபெயிலான இருபத்தொன்பது நிரல்கள். செல்வின் ஏற்றிவைத்த அந்த விடைகளில் சிலுவை ஏது? ஒவ்வொன்றிலும் முதல் வரியை அவள் எடுக்க எடுக்க, ஜூலியட் கட்டளை தட்டினாள். பாஸ். பாஸ். பாஸ். நடுவில் ஒன்றிரண்டு ஃபெயில். மறுபடியும் பாஸ். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்று. ஜூலியட்டின் குரல் முதலில் சந்தோஷமாக ஏறிக்கொண்டே போனது, பிறகு தானாகவே இறங்கிவிட்டது.

“சரியாத்தான் போட்டிருக்கேன். வருசம் பூரா சரியாத்தான் போட்டிருக்கேன்” என்றாள் மேரி. இப்போதுதான் அழுதாள். “படிப்பு எனக்கு வராது, நிறுத்திரலாம்னு வீட்டுல பேசிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு வாரமும் ஒங்க வாயாலதான மிஸ் ஃபெயில்னு கேட்டேன். ஒருக்காவாச்சும் உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

“எனக்கு நிரல் படிக்கத் தெரியாதும்மா” என்றாள் ஜூலியட்.

“சிலுவைகூடவா மிஸ் தெரியாது?”